ரத்தம் குறைகிறது, நெறி கட்டுகிறது

ரத்தசோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை என்று இறங்கிவிடுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் முகம் வெளுப்பதோடு கண்ணும் மஞ்சள் பூத்தால் சங்கதி வேறு. அங்கே ஊறிய ரத்தமே அழிந்துகொண்டிருக்கலாம்.

ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். உடலே அதன்மேல் ஆன்டிபாடியை ஒட்டிவிட்டால், மண்ணீரல் அதை அந்நியன் என்று எண்ணி முன்கூட்டியே விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் கூம்ஸ் பரிசோதனை 1945-இல் இங்கிலாந்தில் உருவானது. நோயாளியின் சிவப்பணுக்களைச் சலைனில் கழுவி, அதற்கென்றே உள்ள மருந்துநீரைச் சொட்டுவார்கள். ஆன்டிபாடி ஒட்டியிருந்தால், செந்நீராக இருந்தது மணிமணியாகத் திரண்டு நிற்கும்.

இப்படிச் சிவப்பணுக்கள் அழிவது தனி நோயாகவும் வரும். சிலருக்கு மட்டும் பின்னால் ஒரு புற்றுநோய் ஒளிந்திருக்கும். ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் டி செல் லிம்ஃபோமா அப்படிப்பட்டது. ஆன்டிபாடி தயாரிக்கும்படி பி செல்களைத் தூண்டுவது ஒரு வகை டி செல்லின் வேலை. அந்தச் செல்லே புற்றாகிவிட்டால் தூண்டுதல் ஓயாது. தேவையில்லாத ஆன்டிபாடிகள் பெருகும். அவற்றில் சில, சொந்த ரத்த அணுக்களையே தாக்கும். 1970-களில் இந்த நோயை முதலில் விவரித்தவர்கள்கூட, நோயெதிர்ப்புக் கோளாறு என்றே பெரும்பாலும் கருதினார்கள். இதே தாக்குதலில் தட்டணுக்களும் குறையலாம். கணுக்காலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும், ஈறு கசியும். நம் ஊரில் டெங்கு என்றே முதலில் நினைப்போம்.

இந்தப் புற்று பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினருக்கு வருகிறது. காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, தோலில் தடிப்பு, கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுதல். இத்தனையும் காசநோய்க்கும் பொருந்துவதால், திசுப் பரிசோதனை இல்லாமல் காசநோய் மருந்து தொடங்கிவிடுவதும் உண்டு. அது எனக்குப் பெரிய கவலை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அணுக்கள் அழிவதைத் தடுக்க முதலில் கொடுப்பது ஸ்டீராய்டு. கொடுத்ததும் ரத்தம் ஏறும், நெறியும் வற்றும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வற்றிய நெறியில் புற்றின் அடையாளம் மங்கிப்போகும். ஆகவே நெறி கட்டியிருந்தால், ஸ்டீராய்டுக்கு முன்பே ஒரு நெறியை முழுதாக எடுத்துச் சோதிப்பது நல்லது. ஊசியில் உறிஞ்சிய துளி இந்த நோய்க்குப் பெரும்பாலும் போதாது. புற்று உறுதியானால் அதற்கான கீமோ சிகிச்சைதான் அடிப்படை. அது பலித்தால் ரத்த அணுக்களும் பெரும்பாலும் மீளும்.

ரத்தம் வேகமாக இறங்கி உயிருக்கே ஆபத்து என்றால், திசுப் பரிசோதனைக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போட முடியாது. அந்த முடிவை மருத்துவர் எடுப்பார். நெறி கட்டியிருப்பதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.