சுரங்கம் மூடும் நாளுக்கு முன்னால்



நெய்வேலியில் நின்றுகொண்டு, உலகம் நிலக்கரியை விட்டு நகர்கிறது என்று பேசுவது லேசான காரியமா? இந்த ஊரின் சோறும் பள்ளிக்கூடமும் கல்யாணச் செலவும் பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்தவை. வெளியூர்க்காரன் வந்து உபதேசம் செய்தால் நீங்கள் எழுந்து போகலாம், தப்பே இல்லை. அதனால் உங்கள் ஊர்க் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1957-இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-இல் சோவியத் உதவியோடு முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்த நிலையம் 2020-இல் நின்றுபோனது. எந்தப் போராட்டமும் அதை நிறுத்தவில்லை, வயதாகிவிட்டது, அவ்வளவுதான். பக்கத்திலேயே புதிய நிலையம் எழுந்ததால் ஊருக்கு அது பெரிதாக உறைக்கவில்லை. ஆனால் கடைசி நிலையம் நிற்கிற நாளில் பக்கத்தில் என்ன எழும்? இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வந்தேன்.

2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டில், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு மூன்றையும் விட்டு விலக வேண்டும் என்று உலக நாடுகள் முதல்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டன. தீர்மானங்களை நான் அவ்வளவாக நம்புகிறவன் இல்லை. விலையை நம்புகிறேன். 2020 டிசம்பரில் குஜராத்தில் நடந்த ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 1 ரூபாய் 99 காசுக்குக் கேட்கப்பட்டது. அந்த விலைக்கு முன்னால் எந்த வசனமும் எடுபடாது!

அதற்காக நாளைக்கே பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். இந்தியாவின் மின்சாரத்தில் இன்றும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்துதான். நிகரப் பூஜ்ய உமிழ்வுக்கு நாடு சொல்லியிருக்கிற இலக்கு ஆண்டு 2070. ஆக, அவகாசம் இருக்கிறது. அவகாசம் இருக்கும்போது கேட்கிறவனிடம்தான் பேரம் பேச வருவார்கள். பூட்டுப் போட்ட பிறகு கேட்டால் அனுதாபம் கிடைக்கும்.

பிரிட்டனைப் பாருங்கள். 1984 மார்ச்சில் 20 சுரங்கங்களை மூடுவதாக அறிவித்தார்கள். தொழிலாளர்கள் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அடுத்தடுத்து சுரங்கங்கள் மூடின. அந்த ஊர்களில் பல இன்னும் எழுந்திருக்கவில்லை. 2024 செப்டம்பர் 30-இல் அந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் நின்றபோது உலகம் கைதட்டியது. எழுந்திருக்காத அந்த ஊர்களுக்கு யார் கைதட்டுவது?

ஜெர்மனியின் ரூர் பகுதி வேறு வழியில் போனது. 1950-களின் கடைசியில் அந்த நாட்டின் கருநிலக்கரிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 6 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரூரில். கடைசிச் சுரங்கம் மூடியது 2018 டிசம்பரில். இடையில் அறுபது ஆண்டு! தொழிற்சங்கமும் அரசும் நிறுவனமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, முன்கூட்டிய ஓய்வூதியம், மாற்றுவேலை என்று பேசிப் பேசித்தான் ஆட்களைக் குறைத்தார்கள். போகும் என்று தெரிந்த வருமானத்துக்கு ஈடாக 1965-இலேயே போஹுமில் பல்கலைக்கழகம் திறந்தார்கள். எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அங்கே வேலையில்லாத் திண்டாட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒன்றை நாம் அவர்களிடம் கற்கலாம். சுரங்கம் மூடினாலும் அடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், காலம் காலமாக. அந்தச் செலவு வரியாக மக்கள் தலையில் விழக்கூடாது என்று 2007-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். இன்று மோட்டார் ஓடுவது அந்தப் பணத்தில்.

தண்ணீர் இறைப்பது பற்றி நெய்வேலிக்காரர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கிற நீரை இறைக்காமல் இங்கே ஒருநாள் ஷிப்ட் ஓடுமா? கடைசி ஷிப்ட் முடிந்த மறுநாள் அந்தக் குழிக்கும் நீருக்கும் யார் பொறுப்பு?

இன்னொன்று. உங்கள் சுரங்க நிறுவனமே சூரிய மின்சாரத்தில் 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பாராட்டுகிறேன். ஆனால் அந்தத் தகடுகளில் பெரும்பகுதி விருதுநகர், ராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறது. போதாக்குறைக்கு, கட்டி முடித்த சூரியப் பூங்காவுக்குச் சுரங்கத்தைப் போல ஆள் தேவைப்படாது. சுரங்கம் மூடினால் நிரந்தரத் தொழிலாளிக்கு ஓய்வுக்காலப் பணமாவது வரும். பணி நிரந்தரம் கேட்டே தலை நரைத்த ஒப்பந்தத் தொழிலாளிக்கு? நிலம் கொடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற குடும்பத்துக்கு? 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதை நாம் பார்த்தோம். நிலத்தை எடுக்கும்போது இருந்த வேகம் திருப்பித் தரும்போதும் இருக்குமா?

சுரங்கத்தை எப்படி மூடுவது என்று திட்டம் எழுதி, அதற்கான பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பது மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அந்தத் திட்டத்தை இந்த அரங்கில் படித்தவர்கள் கை தூக்குங்கள்... சரி, இறக்குங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களே, அடுத்த பேச்சுவார்த்தைக் கோரிக்கைப் பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளியின் மறுபயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பெரியவர்களே, அடுத்த கிராமசபையில் நிலம் திரும்பி வரும் கெடுவைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். இளைஞர்களே, நீங்கள் மூடல் திட்டத்தின் நகலைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் பத்து ரூபாய்தான். இந்த வாரமே அனுப்புங்கள்.