கூச்சத்தை விடுங்கள், சகோதரரே!

(ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சபையில் பேசத் தயங்கும் ஒரு காரியத்தை இன்று பேச வந்திருக்கிறேன். அது வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய். வார்டுகளில் நோயாளிகளின் அருகே உட்காரும்போது நான் அடிக்கடி கேட்பது, "வயசானா இப்படித்தான்னு இருந்துட்டேன், ஐயா" என்பதே. சிலர் முதுகுவலிக்குத் தைலம் தேய்த்தே மாதங்களைக் கழித்து, நோய் எலும்புக்குப் பரவிய பின் வருகிறார்கள்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சிறு சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. அது பெருத்தால் குழாய் நெருக்கப்படும். இரவில் பலமுறை எழும்புவது, முக்கினால்தான் நீர் இறங்குவது, விட்டுவிட்டுப் போவது, சிறுநீரில் இரத்தம் காண்பது ஆகியவை கவனிக்கவேண்டிய அடையாளங்கள். இவை இருந்தால் புற்றுநோய்தான் என்று கலங்கவேண்டாம். பெரும்பாலும் வயதினால் வரும் சாதாரண வீக்கமே காரணம். ஆனால் அதை நாமே முடிவு செய்யலாகாது.

மேலும், இப்புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அடையாளமும் காட்டாது. ஆகவே 50 வயதானவர்கள் சுகமாயிருக்கும்போதே, பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை தங்களுக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தகப்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்நோய் இருந்திருந்தால் 45 வயதிலேயே கேளுங்கள்.

அந்த அளவு கூடியிருந்தாலும் அதுவே தீர்ப்பல்ல. நீர்த்தொற்றும் சாதாரண வீக்கமும் அதை உயர்த்தும். மருத்துவர் விரலால் சோதித்து, ஸ்கேன் பார்த்து, தேவையானால் ஊசியால் சிறிது சதை எடுத்துப் பரிசோதிப்பார். மெதுவாக வளரும் வகையானால் உடனே அறுவைசிகிச்சை செய்யாமல் கண்காணித்து வருவதும் உண்டு. சுரப்பிக்குள் இருக்கும்போதே கண்டுபிடித்தால் அறுவைசிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ குணமாக்கக்கூடும். எலும்புக்குப் பரவிவிட்டால் பெரும்பாலும் அடக்கிவைக்கத்தான் முடியும்.

ஜெபம் மட்டும் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். பவுல் அப்போஸ்தலனோடு பிரயாணம் பண்ணிய லூக்கா ஒரு வைத்தியர் என்பதை மறவாதிருங்கள்.

இன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் பேசுங்கள். இரவில் நீங்கள் எத்தனைமுறை எழும்புகிறீர்கள் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பணமில்லாமல் தயங்கும் பெரியவர் ஒருவர் உங்கள் தெருவில் இருந்தால், அவரையும் கையோடு அழைத்து வாருங்கள். நீங்கள் அனுப்பும் காணிக்கை அப்படிப்பட்டவர்களுக்காகத்தான்.