எழுத்தையும் வரைந்து பழகலாம்



லேபிள் வடிவமைக்கக் கற்றதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பீங்க. அது கடைசியில்தான் வந்தது. முதல் வாரம் முழுக்க எங்கள் கையில் இருந்தது விளக்குமாற்றுக் குச்சி, அடுப்புக்கரி, பழைய காலண்டர் தாள்.

முதல் பயிற்சியில் 'அ' என்ற ஒரே எழுத்தை இருபது விதமாக எழுதணும். குச்சியை மையில் தொட்டு, கயிற்றை வளைத்து, காகிதத்தைக் கிழித்து ஒட்டி, எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். பத்து வரைக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும். அதற்கு மேல்தான் கை புதிதாகத் தேடும். பக்கத்தில் இருந்த அக்கா புள்ளி வைத்து, சிக்குக்கோலத்துக்கு இழை எடுப்பது போல ஓர் 'அ' போட்டார். அன்றைக்கு அதை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாவது பயிற்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுத்தை வரையவே கூடாது. அதைச் சுற்றியும் அதற்குள்ளும் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் கரியால் நிரப்பணும். முடித்தால் எழுத்து வெள்ளையாக எழுந்து நிற்கும். விளையாட்டு மாதிரித் தெரியும், ஆனால் நம் வியாபாரமே இதில் இருக்கிறது. 'ன' இரண்டு சுழி, 'ண' மூன்று சுழி. அந்தச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை தெரிந்தால்தான் எழுத்து தெரியும். முன்பு எங்கள் குழு ஓர் அச்சகத்தில் வாங்கிய லேபிளில் தடித்த எழுத்தைச் சின்னதாகப் போட்டதில் மை ஊறி, சுழியெல்லாம் அடைத்துக்கொண்டது. கண்காட்சியில் ஒருவர் சுண்டைக்காய் வற்றல் பாக்கெட்டைக் கண்ணருகே கொண்டுபோய், "சுண்டலாம்மா?" என்று கேட்டார். அவராவது கேட்டார். கேட்காமலே வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ!

எழுத்தில் கை வைக்கலாமா என்று சிலர் தயங்குறீங்க. பக்கத்தில் பூலாங்குறிச்சிப் பாறையில் சுமார் 1500 வருஷத்துக்கு முந்தைய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. நம்மால் ஓர் எழுத்தைக்கூட வாசிக்க முடியாது. அவ்வளவு தூரம் ஏன்? நம் அம்மாமார் 'லை' எழுதும்போது முன்னால் யானைத் துதிக்கை போல ஒரு கொம்பு போடுவார்கள். 1978 அரசாணைக்குப் பிறகுதான் அது பாடப்புத்தகத்தை விட்டுப் போனது. திருச்சிப் பக்கம் கீராம்பூரில் பிறந்த ஓவியர் ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்கும் பத்திரிகைத் தலைப்புகளுக்கும் தம் கையாலேயே எழுத்தை வரைந்தவர். கோடு கரடுமுரடாகத்தான் இருக்கும், ஆனால் தூரத்தில் பார்த்தாலே அவர் எழுத்து என்று தெரிந்துவிடும்.

நம் மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது கையெழுத்துப் போடக் கற்றவர் என் அம்மா. சுழிகளைப் பெரிசு பெரிசாக, நிதானமாகப் போடுவார். லேபிளுக்கு எழுத்து தேடியபோது அவரையே 'சுண்டைக்காய்' என்று எழுதச் சொன்னேன். "என் கோணல் எழுத்தையா?" என்று சிரித்தார். அதைப் பார்த்துப் பார்த்து ஒன்பது தடவை வரைந்து, பிறகுதான் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இப்போது பாக்கெட்டில் இருப்பது அதுதான். சுண்டலா என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். சேர்மானங்கள், எடை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், சைவம் என்று காட்டும் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி, இவற்றில் நம் விளையாட்டு வேண்டாம். சாதாரண எழுத்தில் பளிச்சென்று இருக்கட்டும். பெயரில்தான் நம் கைவரிசை. வரைந்ததும் சுவரில் ஒட்டி ஆறு எட்டு பின்னால் போய்ப் பாருங்க. கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை பார்க்கணும்.

அடுத்த கூட்டத்தில் விருப்பமுள்ள குழுக்களோடு உட்கார்ந்து பழகலாம் என்று தலைவியக்கா சொல்லியிருக்கிறார். நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டாம். காலண்டர் தாள் நாலு, கரித்துண்டு ஒன்று, வீட்டில் யாராவது பெரியவர்கள் கைப்பட எழுதிய உங்கள் பொருளின் பெயர், இவ்வளவு போதும்.