டர்போ காரும் ப்ளோ-ஆஃப் வால்வும்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், காக்ஸ் டவுனை அடுத்து, ஜீவனஹள்ளி என்று ஓர் இடம் உண்டு. தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் நடமாடும் பகுதி அது. அங்கே நாம் குடியேறிப் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை. கல்லூரியில் படித்ததோ வரலாறு. மோட்டார் வண்டிக்கும் நமக்கும் உள்ள உறவு, பின் இருக்கையில் அமர்ந்து வெளியே வேடிக்கை பார்க்கும் அளவோடு சரி. அத்தகைய நாம் இன்று காரின் வால்வு ஒன்றைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று கேட்பீர்கள். மொழிபெயர்க்கும்போது நாம் விட்டுவிட்ட ஒரு வாக்கியமே அதற்குக் காரணம்.

நமது தமக்கையாரின் மகன் இவ்வூரிலேயே உத்தியோகம் பார்க்கிறான். கடன் வாங்கி, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பழைய கார் ஒன்றை வாங்கினான். வாங்கிய சில நாட்களிலேயே ஒரு சிறு பெட்டியுடன் நம் வீட்டுக்கு வந்தான். "மாமா, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் 'உஸ்' என்று ஓர் ஒலி எழவேண்டும். அதற்கான வால்வு இது. கூட வந்த குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் மெக்கானிக் பெரியவருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்றான். அந்தப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் கைப்பழக்கம் உள்ளவர். தமிழ் தவிர வேறெந்த எழுத்தும் வாசிக்க அறியாதவர். நாமும் மகிழ்ச்சியோடு எழுதுகோலை எடுத்தோம்.

முதலில் டர்போ என்பது யாது என்று பார்ப்போம். பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும். சாதாரண எஞ்சின், தன் பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சக்கூடிய அளவு காற்றையே பெறுகிறது. புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறும் வெப்பமான வாயு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அச்சக்கரத்தோடு ஒரே தண்டில் பிணைந்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுமாறு செய்தால் அதுவே டர்போ. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூஷி என்னும் பொறியாளர் 1905 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1962 இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் முதலிய கார்களில் இது இடம்பெற்றது. நம் நாட்டில் 2013 இல் மறைமலை நகரில் உருவான ஃபோர்டு எக்கோஸ்போர்ட், அதே ஆண்டு புனேயை அடுத்த சாக்கனில் உருவான ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி., 2017 இல் வந்த டாட்டா நெக்ஸான், 2019 இல் வந்த ஹூண்டாய் வென்யூ எனப் பல கார்கள் டர்போ பெட்ரோல் எஞ்சினோடு வந்தன.

பெங்களூர்வாசிகளுக்கு டர்போவில் ஒரு தனி லாபம் உண்டு. இந்நகரம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 920 மீட்டர், அதாவது சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றைவிட இவ்விடத்துக் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. சாதாரண எஞ்சின் அந்தக் குறையைச் சுமந்தே ஓடவேண்டும். டர்போ அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது.

இனி வால்வுக்கு வருவோம். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழலக்கூடியது. அது காற்றை அழுத்தித் தள்ளிக்கொண்டிருக்கையில் ஓட்டுபவர் திடீரென்று காலை எடுத்தால், எஞ்சினின் வாயிலிலுள்ள த்ராட்டில் தகடு மூடிக்கொள்கிறது. சக்கரமோ உடனே நிற்பதில்லை. அழுத்தப்பட்ட காற்று முன்னே போக வழியின்றி, வந்த வழியே திரும்பிச் சக்கரத்தின்மீது மோதுகிறது. புறா சிறகடிப்பது போன்ற ஒரு படபடப்பு அப்போது கேட்கும். இது பலமாகவும் அடிக்கடியும் நேர்ந்தால் சக்கரத்தின் வேகம் விழுவதோடு, தண்டைத் தாங்கும் பேரிங்குகளும் தேயும். ஆகவே, அந்த நொடியில் காற்று வெளியேற ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலே ப்ளோ-ஆஃப் வால்வு.

அதன் அமைப்பு எளியது. உள்ளே ஒரு ஸ்பிரிங். அதன் முனையில் பிஸ்டன் அல்லது ரப்பர்ச் சவ்வு. மேற்புறத்திலிருந்து ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டுக்குச் செல்கிறது. த்ராட்டில் மூடியதும் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. அவ்வெற்றிடம் மேலிருந்து இழுக்க, அழுத்தக் காற்று கீழிருந்து தள்ள, வால்வு திறக்கிறது. புதிய கார்கள் பலவற்றில் இதே வேலையை மின்சாரத்தால் இயங்கும் வால்வு செய்கிறது; எப்போது திறப்பது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினி தீர்மானிக்கிறது.

வெளியேறும் காற்று எங்கே போகிறது என்பதை வைத்து இவ்வால்வுகள் இரு வகைப்படும். ஒரு வகை, காற்றை மீண்டும் டர்போவின் நுழைவாயிலுக்கே குழாய் வழியாகத் திருப்பி விடுவது. தொழிற்சாலையில் பொருத்தப்படுவது பெரும்பாலும் இவ்வகையே. இதில் ஓசை அதிகம் எழாது. மற்றொரு வகை, காற்றை வெளியுலகுக்கே விட்டுவிடுவது. இளைஞர்கள் விரும்பும் 'உஸ்' ஒலி இதிலிருந்து வருவது. நமது மருமகன் வாங்கி வந்தது இந்த இரண்டாம் வகை. பக்கவாட்டில் இன்னொரு துவாரமும் அதில் இருந்தது. வேண்டுவோர் அதில் குழாய் பொருத்திக் காற்றைத் திருப்பி விடலாம். வேண்டாதார் அதை மூடிவிடலாம்.

குறிப்பில் ஒரு வாக்கியம் இருந்தது: காற்றை அளக்கும் உணர்வி ஏர் ஃபில்டரை அடுத்து அமைந்த கார்களில், பக்கத் துவாரத்தை மூடாமல் குழாய் வழியே காற்றைத் திருப்பி விடுக என்பது அதன் பொருள். முந்தைய பத்தியில் சொன்னதையே மீண்டும் சொல்வதாக எண்ணி, நடை சுருக்கமாக இருக்கட்டுமென்று நாம் அதை விட்டுவிட்டோம். அலுவலகக் கோப்புகளில் ஒரே செய்தி மும்முறை வருவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. பெரியவர் நாம் எழுதிக் கொடுத்ததை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினார். துவாரம் மூடப்பட்டது. ஒலியும் பிறந்தது. பையன் ஆனந்தப்பட்டான்.

மூன்றாம் நாள் மாலை அவன் தன் தாயாரைக் காரில் அழைத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டான். ஒரு சந்திப்பை நெருங்கும்போது காலை எடுத்தான். 'உஸ்' என்றது வால்வு; உடனே எஞ்சின் குலுங்கி அணைந்துவிட்டது. ஸ்டீயரிங் கல்லாய்க் கனத்தது. பிரேக்கும் ஓரிரு மிதிகளுக்குப் பின் இறுகிப்போயிற்று. பின்னால் வந்த பேருந்து சில அடி தூரத்தில் நின்றதால் நாம் இன்று நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றிரவு தமக்கையார் நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்கு மனம் சற்று ஆறியிருக்கும்.

நடந்தது இதுதான். அந்தக் காரில் உள்ளே நுழையும் காற்றை ஓர் உணர்வி முதலிலேயே அளந்து கணினிக்குச் சொல்லிவிடுகிறது. அளந்த காற்று முழுவதும் எஞ்சினைச் சேரும் என்று நம்பி, கணினி அதற்கேற்ற பெட்ரோலைத் தெளிக்கிறது. வழியிலே காற்றில் ஒரு பகுதியை நாம் வெளியே விட்டுவிட்டால் பெட்ரோல் மிகுந்து காற்று குறைகிறது. எஞ்சின் திணறுகிறது, கரும்புகை வருகிறது, சில வேளைகளில் அணைந்தே விடுகிறது. இது தொடர்ந்தால் புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும். பத்துப் பேருக்கென்று உலை வைத்தபின் நால்வர் சொல்லாமல் எழுந்து போனால் சமையற்காரர் நிலை என்னவோ, அதுவே அந்தக் கணினியின் நிலை.

இவ்வனுபவத்துக்குப் பின் பெரியவரிடம் மாணவராய் அமர்ந்து நாம் கற்றவற்றை, இத்தகைய வால்வை நாடும் நேயர்களுக்கு வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவது, உங்கள் கார் டீசலா, பெட்ரோலா என்று பாருங்கள். டீசல் எஞ்சினின் வேகம் தெளிக்கப்படும் எரிபொருளின் அளவால் கட்டுப்படுவது. காலை எடுத்தவுடன் பெட்ரோல் எஞ்சினில் போல் காற்றின் வழி அடைபடுவதில்லை. ஆகையால் சாதாரண டீசல் காருக்கு இவ்வால்வு தேவையே இல்லை.

இரண்டாவது, தொழிற்சாலை வால்வு நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதியுங்கள். டர்போ பெட்ரோல் கார்களில் அநேகமாக அது ஏற்கெனவே இருக்கும். சவ்வு கிழிந்து காற்று கசிந்தால் புதிது போடுவது நியாயம்; இழந்த சுறுசுறுப்பு திரும்பக் கிடைக்கும். ஆனால் நல்ல வால்வைக் கழற்றி விலையுயர்ந்த வால்வைப் போடுவதனால் மட்டும் குதிரைத்திறன் கூடாது. கூடுவது பெரும்பாலும் ஓசைதான்.

மூன்றாவது, காற்றை அளக்கும் முறையை அறியுங்கள். நுழைவாயிலிலேயே காற்றை அளக்கும் காராயின் திருப்பி விடும் வகையே பொருந்தும். மேனிஃபோல்டின் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் காராயின் இத்தொல்லை குறைவு. மின்சார வால்வு உள்ள காரில் மாற்றம் செய்தால் எச்சரிக்கை விளக்கு எரியக்கூடும்.

நான்காவது, ஸ்பிரிங்கின் வலிமை. மிகக் கடினமானால் வால்வு திறக்காது. பழைய படபடப்பே கேட்கும். மிக மென்மையானால் கார் நின்ற நிலையில் ஐட்லிங்கிலேயே திறந்துகொண்டு எஞ்சின் ஏறியும் இறங்கியும் ஓடும். ஐட்லிங்கில் மேனிஃபோல்டின் வெற்றிடம் எவ்வளவு என்று அளந்து ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். இங்கே மேட்டுநிலத்தார் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். உயரம் ஆயிரம் அடி கூடுந்தோறும் அளவுமானி ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்தே காட்டும். கடற்கரை ஊருக்கென எழுதிய எண்ணை பெங்களூரில் அப்படியே கொண்டால் மூன்று அங்குலம் பிசகும். ஓடுகிற ஊரிலேயே அளந்து பார்ப்பது நலம்.

பொருத்தும் முறையும் கவனத்துக்குரியது. எஞ்சின் நன்கு ஆறியபின் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றவேண்டும். வால்வு, டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே அமையவேண்டும். அழுத்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைத் தாண்டி, த்ராட்டிலுக்கு அருகில் அமைவது சிறப்பு. வெற்றிடக் குழாயை மேனிஃபோல்டிலிருந்து நேராகவும் குட்டையாகவும் கொண்டுவரவேண்டும். பிரேக்குக்குப் போகும் குழாயிலிருந்து கிளை பிரிக்கவே கூடாது. ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாமல் உட்காரவேண்டும்; கிளிப்புகளை அளவாக இறுக்கவேண்டும். புகைக்குழாயின் சூடு ரப்பர்க் குழாய்களைத் தொடலாகாது. முடிந்ததும் ஒர்க்ஷாப்பில் சிறிதளவு காற்றழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவு பார்க்கவேண்டும். பின்னர் போக்குவரத்து இல்லாத இடத்தில் ஓட்டி, பலமுறை காலை எடுத்துப் பார்த்தபின்பே வீட்டாரை ஏற்றவேண்டும். இந்தக் கடைசி விதி எந்தக் குறிப்பிலும் நாம் கண்டதில்லை, நாமே சேர்த்துக்கொண்டது.

சட்டத்தையும் மறக்கலாகாது. நீங்கள் எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றே. அதன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓசைக்கும் காற்று மாசுக்கும் உரிய வரம்பை மீறினால் 190 ஆம் பிரிவு வேறு காத்திருக்கிறது. ஆதலால் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், கார் கம்பெனியிடமும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்டு அறிவது விவேகம். கழற்றிய பழைய வால்வைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள்.

நமது மருமகன் அப்படிப் பத்திரப்படுத்தவில்லை. ஆனால் பெரியவர் வைத்திருந்தார். அவர் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து அதையே மீண்டும் பொருத்தினார். நாம் விட்ட வாக்கியத்தை அவரிடம் ஒப்புக்கொண்டபோது அவர் சினக்கவில்லை. "ஐயா, நாங்கள் ஒரு நட்டை இறுக்காமல் விட்டால் சக்கரம் கழலும். உங்கள் தொழிலும் அப்படித்தான் போலிருக்கிறது" என்றார்.

இப்போது அந்தக் கார் ஓசையின்றி ஓடுகிறது. "சத்தம் போய்விட்டதே, மாமா" என்று பையன் எப்போதாவது குறைப்பட்டுக்கொள்வான். பின் இருக்கையில் தமக்கையார் கண்ணயர்ந்திருப்பார். நாமோ அலுவலகத்தில் ஒரே செய்தி மும்முறை வந்தாலும் மும்முறையும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.