வண்டிக்கு இசைந்த வர்ணம்

மோட்டார் வண்டியின் கதவொன்று நசுங்கிவிட்டால், அதைத் தட்டி நிமிர்த்தவல்ல கைதேர்ந்த தொழிலாளர்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. பட்டி பூசித் தேய்த்தும் கொடுத்துவிடுவார்கள். தொல்லை அதன் பின்னரே தொடங்குகிறது. பழைய நிறத்தோடு ஒன்றிப்போகும் வர்ணத்தை எங்கே வாங்குவது? ஒரு கதவு மட்டும் வேறுபட்டுத் தோன்றுமாயின், பிற்காலத்தில் வண்டியை வாங்க வருபவர், பெரிய விபத்தில் அடிபட்டதோ என ஐயுற்று விலையைக் குறைத்துக் கேட்பார். ஆகவே இது வெறும் அழகுப் பிரச்சினை அன்று.

தில்லிக் காஷ்மீரி கேட் போன்ற மோட்டார்ச் சாமான் கடைத்தெருவில் நின்று, "வெள்ளி நிறம் அரை லிட்டர் கொடுங்கள்" என்றால் போதாது. வெள்ளியிலே எத்தனையோ வெள்ளி! மாருதி வண்டிகளில் 'சில்க்கி சில்வர்' என்பதற்கு இசட் 2 எஸ் என்று குறியீடு உண்டு. (நிறங்களுக்குப் பெயரிடுவோர் கவிகளோ என்று நாம் வியப்பதுண்டு.) இத்தகைய குறியீட்டை இயந்திர அறையிலோ கதவுத் தூணிலோ உள்ள தகட்டில் பெரும்பாலும் காணலாம்.

ஆனால் குறியீடு சொல்வது, வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் நிறத்தை. பத்தாண்டு வெயிலில் நின்ற வண்டியின் நிறம் வேறு. ஆதலால், குறியீட்டை மட்டும் கேட்டு டப்பாவை நீட்டும் கடைக்காரரைவிட, "வண்டியைக் காட்டுங்கள்" என்பவரே நமக்கு வேண்டியவர். வண்டியைக் கொண்டுபோக இயலாவிடில், பெட்ரோல் மூடியின் மேல்தகட்டைக் கழற்றிக் கொண்டு செல்லலாம். அதை முன்னரே நன்கு மெருகிட்டு அழுக்கு நீக்கிவிடவேண்டும். இல்லையேல் மங்கலுக்கே வர்ணம் கலந்து கொடுப்பார்கள். உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் போன்ற வண்டிகளுக்கு, இவ்வாறு கையில் கொண்டுசெல்லும் தகடே பெருந்துணை.

நிறமளக்கும் கருவி வைத்திருக்கும் கடைகளும் உண்டு. கருவி கூறும் கலவை நல்ல தொடக்கந்தான். முடிவைக் கண்ணே கூறவேண்டும். குழல்விளக்கின் கீழ் ஒன்றாகத் தோன்றும் இரு வர்ணங்கள், வெயிலில் பிரிந்து நிற்கும். ஈர வர்ணமும் உலர்ந்த வர்ணமும் ஒன்றல்ல. எனவே சிறு தகடொன்றில் பூசி, உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் வண்டியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். இதற்கு இணங்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவதே நலம்.

வெள்ளி முதலிய மின்னும் நிறங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றிலுள்ள அலுமினியத் துகள்கள், தெளிக்கும் காற்றழுத்தத்திற்கும் ஈரத்திற்கும் ஏற்ப வெவ்வேறு விதமாகப் படியும். ஒரே டப்பா, இரு கைகளில் இரு நிறமாகும். அனுபவமுள்ள பெயின்டர் அடுத்த தகட்டின்மேலும் வர்ணத்தைச் சிறிது சிறிதாகத் தேயவிட்டு, எல்லைக்கோடு தெரியாமற் செய்துவிடுவார். ஆகையால் மாதிரித் தகட்டையும் அவரே தெளிப்பது நன்று.

தேவைக்குச் சற்று அதிகமாகவே ஒரே கலவையில் வாங்குக. கலவையின் அளவுகளையும் எழுதி வாங்கிக்கொள்க. மீந்ததைக் காற்றுப் புகாமல் மூடி வைக்கலாம். வன்மையூட்டி சேர்க்கும் வகையாயின், சேர்க்காத பகுதியையே எடுத்து வைக்கவேண்டும். சேர்த்தது சில மணி நேரத்தில் டப்பாவிலேயே இறுகிப்போகும்.