கவுன்டருக்கு உள்ளே ஒரு விளையாட்டு

(நம் கிளப் ஹவுஸில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாமினேஷன், லாக்கர், மூத்த குடிமக்கள் டெபாசிட் பற்றிப் பேசுங்கள் என்றுதான் செயலாளர் கேட்டார். அதைப் போன வருஷமே பேசியாயிற்று. லாக்கரைப் பற்றி ஒரே ஆள் எத்தனை முறை பேசுவது? போன கூட்டத்தில் பிள்ளைகளின் வீடியோ கேம் பற்றி ஒரு பெரிய விவாதம் நடந்தது நினைவிருக்கும். "எல்லாம் சுட்டுத் தள்ளுகிற விளையாட்டுதானே" என்று பெரியவர்கள் சிலர் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நான் ஒரு விளையாட்டை முழுதாக ஆடியிருக்கிறேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அதில் எது உசத்தி, எது மட்டம் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

அதன் பெயர் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்'. பேரன் கல்லூரி விடுமுறையில் வந்தபோது, "பாட்டி, இது உங்க பேங்க் வேலை மாதிரியே இருக்கு" என்று கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தான். 34 வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவளிடம் அப்படிச் சொன்னால் சும்மா விடுவேனா?

லூகாஸ் போப் என்ற அமெரிக்கர் ஏறக்குறைய தனி ஆளாகச் செய்து 2013 ஆகஸ்டில் வெளியிட்டது இது. அவர் அப்போது ஜப்பானில் வசித்துக்கொண்டிருந்தார். விமான நிலையங்களில் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரிகளைக் கவனித்ததில் இந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். கதை நடப்பது ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டில், 1982 நவம்பரில். ஆறு வருஷச் சண்டை முடிந்து, பக்கத்து நாட்டுடனான எல்லையைத் திறக்கிறார்கள். தொழிலாளர் குலுக்கலில் உங்கள் பெயர் விழுகிறது. எல்லைச் சாவடியில் ஒரு சின்னக் கூண்டு, ஒரு மேஜை, இரண்டு ரப்பர் ஸ்டாம்ப். பச்சை என்றால் உள்ளே வரலாம், சிவப்பு என்றால் திரும்பிப் போக வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு ஷட்டர் திறக்கும், மாலை ஆறு மணிக்கு மூடும். வெளியே வரிசை வளைந்து வளைந்து நிற்கும்.

முதல் நாள் வேலை சுலபம். சொந்த நாட்டுக்காரரை விடு, மற்றவரைத் திருப்பு. அப்புறம் சர்க்குலர் வர ஆரம்பிக்கிறது. இன்று முதல் நுழைவுச் சீட்டு வேண்டும். பிறகு நுழைவு அனுமதி, அடையாள அட்டை, வேலைக்கு வருபவருக்குத் தனிச் சான்று, தஞ்சம் கேட்பவருக்கு வேறொன்று, கடைசியில் தடுப்பூசிச் சான்றிதழும். ஒவ்வொரு தாளிலும் பெயர், எண், தேதி, முத்திரை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட் வழங்கிய ஊர் அந்த நாட்டில் இருக்கிறதா என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வாயால் இரண்டு வாரம் தங்குவேன் என்கிறார், தாளில் வேறு கணக்கு இருக்கும். ஒரு ஆளை முடித்தால் ஐந்து கிரெடிட் கூலி. மாலையில் அதை வைத்துத்தான் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா.

இதில் என்னை வாயடைக்க வைத்தது மேஜை. வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறார். ஐந்து தாள் வந்துவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. அடியில் இருப்பதை இழுத்தால் மேலே இருப்பது நகர்கிறது. விதிப் புத்தகத்தைத் திறந்தால் பாஸ்போர்ட் மறைகிறது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் பாஸ்புக், வித்டிராயல் ஸ்லிப், லெட்ஜர் மூன்றையும் ஒரே முழங்கை அகலத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு அது என்ன என்று தெரியும். பேரன் இதைக் குறை என்கிறான். நான் இதைத்தான் இந்த விளையாட்டின் முதல் பலம் என்பேன். அவசரத்தில் கண் எங்கே வழுக்கும், அலுப்பில் எந்தத் தேதியை மனசு தாண்டிப் போகும் என்பதை விளக்கிச் சொல்லாமல் கையாலேயே உணர வைத்துவிடுகிறார். ஸ்டாம்ப் விழும் அந்த 'டக்' சத்தம் உட்பட.

இரண்டாவது பலம் இன்னும் நுணுக்கமானது. ஆரம்ப நாட்களிலேயே ஒரு கணவன் வருகிறார். அவருடைய தாள்கள் எல்லாம் சரி. பின்னாலேயே என் மனைவி வருகிறாள், கொஞ்சம் தயவாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறார். அந்த அம்மாளிடம் நுழைவு அனுமதி இல்லை. திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். விதிப்படி சிவப்பு ஸ்டாம்ப்தான். அதற்குத் தலைகீழாக இன்னொருவன் வருகிறான். அவன் தாள்களில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் ஏமாற்றிக் கூட்டி வந்த ஒரு பெண், இவனை விடாதீர்கள் என்று உங்கள் கையில் ஏற்கெனவே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். விதிப்படி அவனுக்குப் பச்சை.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. விதியை மீறி முத்திரை வைத்தால் உடனே மெஷினிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வரும். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கும் எச்சரிக்கை மட்டுமே. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம். அந்த இரண்டு எச்சரிக்கைகளில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அலட்சியத்தால் இரண்டையும் காலையிலேயே செலவழித்துவிட்டால், மத்தியானம் அந்த அம்மாள் வந்து நிற்கும்போது அவளை உள்ளே விடுவதற்குச் சொந்தக் கூலியிலிருந்து கொடுக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் மகனுக்குக் காய்ச்சலாக இருக்கும். வேலையை ஒழுங்காகச் செய்தவனுக்குத்தான் இரக்கம் காட்ட இடம் மிஞ்சுகிறது. இதை எந்தப் பாத்திரமும் வசனமாகப் பேசுவதில்லை. ஆடுகிறவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

ஜோர்ஜி என்று ஒரு கிழவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் பாஸ்போர்ட்டே இல்லாமல் வருவார். அடுத்து, கிரேயானில் வரைந்தது போல ஒரு பாஸ்போர்ட்டை நீட்டுவார், இல்லாத ஒரு நாட்டின் பெயரோடு. திருப்பி அனுப்பினால் கோபமே வராது, சந்தோஷமாகப் போய்விட்டு மறுபடி வருவார். எங்கள் கிளையிலும் இந்த மாதிரி ஒருவர் இருந்தார். டோக்கன் வாங்காமல் நேரே கவுன்டருக்கு வந்து, நான் மறுத்ததும் சிரித்துக்கொண்டே போவார். அவர் வராத நாளில் நாங்கள்தான் விசாரிப்போம்.

சரி, குறைகளுக்கு வருகிறேன்.

முதல் குறை வீடு. மனைவி, மகன் என்று சொன்னேனே, அவர்கள் முகத்தை நாம் பார்ப்பதில்லை. நாள் முடிவில் ஒரு கறுப்புத் திரையில் பசி, குளிர், நோய் என்று வார்த்தைகள் மட்டும். மாமா இறந்துவிட்டால் சாப்பாட்டுச் செலவு குறைகிறது. பற்று வரவுக் கணக்கில் ஒரு வரி அடிக்கப்பட்டது போலத்தான் இருக்கிறது. வேலைக்குப் போகிறவன் அவ்வளவு களைத்து வருகிறான், குடும்பம் அவனுக்குப் பட்டியலாகத்தான் தெரிகிறது என்று பேரன் வாதாடினான். எனக்கு ஒப்புதல் இல்லை. வரிசையில் நிற்கும் அந்நியருக்கெல்லாம் முகமும் பேச்சும் கொடுத்தவர் சொந்த வீட்டுக்காரருக்கு ஒரு வாக்கியமாவது கொடுத்திருக்கலாம். இவர்களுக்காகத்தான் கஷ்டப்படுகிறோம் என்பது விளையாட்டின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரம் இளக்கமாக இருக்கிறது.

இரண்டாவது, அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்க்கும் ஒரு ரகசியக் கூட்டம் நடுவில் வருகிறது. எசிக் என்று பெயர். முகமூடி போட்டவர் வந்து சங்கேதச் சீட்டு கொடுப்பார், இன்னாரை விடு, இன்னாரை விடாதே என்பார். சாதாரண மனிதர்களின் கதை போய் இங்கே சினிமா ஆரம்பித்துவிடுகிறது. இவர்கள் வந்தால் நாடு நன்றாக இருக்குமா, பழையதைவிட மோசமாகுமா என்று யோசிக்கவே நமக்கு விவரம் போதவில்லை. பரிசு வாங்கிய விளையாட்டு இது. 2014-இல் தனி விளையாட்டு வடிவமைப்பாளர் விழாவின் முதல் பரிசும் பாஃப்டா விருதும் பெற்றது. அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

மூன்றாவது எனக்குத்தான் உறுத்துகிறது, இளைஞர்களுக்கு இதில் குறை தெரியாது. எந்த நாளுக்கும் திரும்பிப் போய் மறுபடி ஆடலாம். அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பியது மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் ஐந்தாம் நாளுக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். மொத்தம் 20 முடிவுகள் இருப்பதால் இந்த வசதி வேண்டும் என்கிறார்கள். ஆனால் வவுச்சரில் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்ற பாரம் அதில் கரைந்துவிடுகிறது. முதல் முறை ஆடும்போது இந்த வசதியைத் தொடாமல் ஆடுங்கள். இரண்டாவது முறை ஆடும்போது முக்கியமான ஆட்கள் அதே நாளில் அதே வேண்டுகோளோடு வருவார்கள், அப்போது இரக்கத்தையும் பட்ஜெட் போட்டு வைத்துக்கொள்ள முடிகிறது. மூன்றாவது முறை நான் ஆடியது வேகத்துக்காக மட்டுமே.

இன்னொன்று, அந்தக் கூண்டில் இருப்பவனுக்கு மேலே கேட்பதற்கு ஆள் இல்லை. மேலதிகாரி வருவார், சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டுப் போவார். நவம்பர் மாதம் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட்டோடு வருவார்கள். எண்பது வயசுக்காரருக்குக் கை நடுங்கும், கார்டில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்தே வராது. விதிப்படி பணம் தரக்கூடாது. ஆனால் அதிகாரியிடம் அழைத்துப் போகலாம், இரண்டு சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கலாம். அதற்கு விதியிலேயே வழி உண்டு. விளையாட்டில் அந்த வழியை அடைத்தது வேண்டுமென்றே செய்தது என்று புரிகிறது. இதைக் குறை என்று எழுதவும் முடியவில்லை, பலம் என்று எழுதவும் முடியவில்லை. அப்படி ஒரு ஆபீஸ் இருக்க முடியுமா என்று முதலில் தோன்றியது.

பிறகு நம் கேட் நினைவுக்கு வந்தது. வருபவர் பெயரைப் பதியாமல் விட்டால் செக்யூரிட்டியின் சம்பளத்தில் ஒவ்வொரு தடவைக்கும் பிடித்தம் என்று ஒரு தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. முதல் தவறிலேயே பிடித்தம். எச்சரிக்கை என்ற பேச்சே அதில் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கும் ஒரு வயசான அம்மாள், மகள் வீட்டு நம்பர் மறந்துபோய், போனில் சார்ஜ் இல்லாமல் நின்றால் அவர் என்ன செய்வார்? உட்கார நாற்காலி போடுவாரா, வெளியே நிறுத்துவாரா? காவலுக்கு விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, திருட்டு நடந்த குடியிருப்புகளை எல்லாரும் அறிவோம். மாதத்துக்கு இரண்டு எச்சரிக்கை, ராத்திரியில் சந்தேகம் வந்தால் கேட்பதற்குக் கமிட்டியில் ஒருவருடைய போன் நம்பர், இந்த இரண்டையும் தீர்மானத்தில் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் படித்துப் பார்த்துவிட்டு ஓட்டுப் போடுங்கள்.

பெற்றோர் கேட்பதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். குண்டு வெடிப்பதும் காவலர்கள் சுடுவதும் இதில் உண்டு, பின்னால் நம் கையிலும் துப்பாக்கி வருகிறது, ஆனால் அதிகம் இல்லை. சோதனை ஸ்கேனில் உடை இல்லாத உருவம் தெரியும். அதை மறைக்க செட்டிங்கில் ஒரு வசதி இருக்கிறது, ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பயம் என்பதைவிட அவர்களுக்கு போரடிக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மேலே என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள். ஒருவர் பாஸ்போர்ட் பார்க்க, ஒருவர் விதிப் புத்தகம் படிக்கலாம். நானும் பேரனும் அப்படித்தான் ஆடினோம். 2022-லிருந்து போனிலும் கிடைக்கிறது. ஆனால் எழுத்து பொடி. என் வயசுக்காரர்கள் கம்ப்யூட்டரிலேயே ஆடுங்கள், படிக்கிற கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கேள்வி இருந்தால் கேட்கலாம். லாக்கர் பற்றி என்றாலும் பரவாயில்லை.