ஓராண்டின் ஐந்து இசைத்தட்டுகள்

ஆண்டு முடிந்ததும் வரவு செலவைப் பார்த்துக் கணக்கை முடிப்பது வணிகர் வழக்கம். சங்கீத ரசிகர்களுக்கும் அத்தகைய வழக்கம் ஒன்று உண்டு. அவ்வாண்டில் வெளிவந்த இசைத்தட்டுகளுள் மனத்தில் தங்கியவை எவை, காதோடு நின்றவை எவை என்று அவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள். இன்று நாம் அத்தகைய கணக்கு ஒன்றைப் பார்க்கப் புகுகின்றோம். ஆனால் அது சென்ற ஆண்டின் கணக்கன்று; 1967-ஆம் ஆண்டின் கணக்கு. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் கணக்குப் பார்ப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. விளம்பர ஆரவாரம் அடங்கிவிடும். காலம் என்னும் சல்லடையில் உமி போய் மணி நிற்கும்.

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழ்கின்ற தமிழர்களுக்கு இக்கணக்கு வெறும் பொழுதுபோக்கன்று. மும்பை மாதுங்காவிலும், தில்லி கரோல்பாகிலும், கொல்கத்தாவின் தென்பகுதியிலும் குடியிருக்கும் பல இல்லங்களில் ஒரு வழக்கு தீராமல் நடந்து வருகிறது. நம் சங்கீதம் இருக்க மற்றவை எதற்கு என்பது மூத்தோர் கட்சி. சுற்றிலும் ஒலிப்பதைக் கேளாமல் எப்படி இருப்பது என்பது இளையோர் கட்சி. பிறர் இசையைக் கேட்டால் நம் இசையை இழந்துவிடுவோமா? இதுதான் அவ்வழக்கின் உட்கிடை. தமிழ் எழுதப் படிக்கவும் தடுமாறும் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இது சிறிய அச்சமன்று. 1967-இன் இசைத்தட்டுகள் இதற்கு என்ன விடை கூறுகின்றன என்று பார்ப்போம்.

முதலில் இசைத்தட்டைப் பற்றி ஒரு சொல். பழைய இசைத்தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷப் பாட்டே அடங்கும். பெரிய வித்துவான்களும் ஆலாபனையைச் சுருக்கி, பல்லவியைப் பாடி, மூச்சு வாங்குமுன் முடித்தாக வேண்டும். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றைச் சற்றே கடந்து சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. அதன் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்குக் குறையாமல் ஒலித்தது. தனிப் பாட்டு என்ற நிலை மாறி, தொடக்கமும் வளர்ச்சியும் முடிவும் கொண்ட ஒரு முழுப் படைப்பாக இசைத்தட்டை அமைக்க அப்போதுதான் வழி பிறந்தது. அந்த வாய்ப்பைக் கலைஞர்கள் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்ட ஆண்டுகளுள் 1967 ஒன்று.

நமது வரிசையில் முதலிடம் 'கால் ஆஃப் தி வேலி' என்னும் இசைத்தட்டுக்கு. பள்ளத்தாக்கின் அழைப்பு என்பது அதன் பொருள். சந்தூர் வாசித்தவர் சிவகுமார் சர்மா. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா. கிதார் பிரிஜ் பூஷண் காப்ரா. தபலா மாணிக்ராவ் போபட்கர். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனுடைய ஒரு நாள் வாழ்க்கை, விடியல் தொடங்கி இரவு வரை, ராகங்களால் சொல்லப்படுகிறது. காலையில் ஆஹிர் பைரவ். அது நம் சக்கரவாகத்துக்கு உறவு. மாலையில் பூப், அது நம் மோகனம். பின்னர் தேஸ், இறுதியில் மலைநாட்டு மணம் கமழும் பஹாடி. இந்துஸ்தானி சங்கீதத்தில் பழக்கமில்லாத தமிழர் ஒருவர் முதன்முதலாகக் கேட்பதற்கு இதனினும் ஏற்றது ஒன்றை நாம் அறியோம். தெரிந்த முகங்களை வேற்றூர்ச் சந்தையில் காண்பது போன்ற மகிழ்ச்சி அதில் கிடைக்கும்.

இதை வாசித்தவர்களின் வரலாற்றையும் கருதிப் பார்க்க வேண்டும். சர்மா ஜம்முவிலிருந்து வந்தவர். நூறு தந்திகளைக் கொண்டு காஷ்மீரத்தில் மட்டும் வழங்கிவந்த சந்தூரை, ராகம் வாசிக்கத் தக்கதாகத் திருத்தி அமைத்தவர் அவர். சௌராசியா அலகாபாத்துக்காரர், கட்டக் வானொலி நிலையத்தில் பணியாற்றிப் பின்னர் பம்பாய் சேர்ந்தவர். காப்ரா ஜோத்பூர்க்காரர், அயல்நாட்டுக் கிதாரை மடியில் கிடத்தி, மீட்டில் இழைத்து வாசித்தவர். ஓர் ஊர்க்காரர் அல்லாத மூவர் கூடி, ஒரு பள்ளத்தாக்கை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தனர். இது எளிய இசை, வித்துவம் குறைந்தது என்று கூறுவோரும் உண்டு. விஸ்தாரமான ஆலாபனையை இதில் எதிர்பார்க்க இயலாது என்பது மெய்யே. ஆயினும் வாயிலில் நின்று அழைப்பவனிடம் வீட்டின் அறைகள் அனைத்தையும் அங்கேயே காட்டு என்று கேட்பது முறையாகாது.

இரண்டாவது, 'வெஸ்ட் மீட்ஸ் ஈஸ்ட்'. வயலின் மேதை யெஹுதி மெனூஹினும் சிதார் மேதை ரவிசங்கரும் சேர்ந்து அளித்தது. 1952-இல் மெனூஹின் இந்தியாவுக்கு வந்தபோது இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. 1966-இல் இங்கிலாந்தின் பாத் நகர விழாவில் சேர்ந்து வாசித்தனர். அதன் விளைவே இத்தட்டு. ஒரு பக்கத்தில் இருவரும் சேர்ந்து வாசித்த பகுதியும், ரவிசங்கர் தனித்து வாசித்த பூரியா கல்யாணும் உள்ளன. மறுபக்கத்தில், மெனூஹின் தம் தங்கை ஹெப்ஸிபாவின் பியானோவுடன், தம் ஆசிரியர் எனெஸ்கு இயற்றிய ஸொனாட்டா ஒன்றை வாசிக்கிறார். அது ருமேனிய நாட்டுப்புற இசையின் சாயலில் அமைந்தது. இரு பக்கங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஐரோப்பாவின் கிராமத்து வயலினும் நம் குழைவுகளும் அத்தனை தொலைவில் இல்லை என்பது புலனாகும்.

மெனூஹின் நம் இசையை வாசிக்கும் இடங்களில் ஓர் அயர்வு தென்படுகிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. எழுதிவைத்ததைப் பார்த்து வாசிக்கும் கைக்கும், ராகத்தில் ஊறிய கைக்கும் வேறுபாடு இருக்கவே செய்யும். எனினும் உலகப் புகழ் பெற்ற ஒருவர், பிறர் கலையின் முன்னே மாணாக்கராக அமர்ந்த பணிவு அதில் ஒலிக்கிறது. 1968-இல் இத்தட்டுக்கு அமெரிக்காவின் கிராமி பரிசு கிடைத்தது. வயலினைப் பற்றி நாம் ஒன்றை நினைவுகொள்வது நல்லது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் மேனாட்டாரிடம் அக்கருவியைக் கற்று நம் சங்கீதத்துக்கு ஆக்கித் தந்தார் என்பது வரலாறு. இன்று வயலின் இல்லாத கச்சேரியை நம்மால் எண்ணிப் பார்க்க முடிகின்றதா? நமதே என்று நாம் போற்றும் கருவி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் விருந்தாளியாக வந்தது.

மூன்றாவது, ஆங்கிலேய இளைஞர் நால்வரான பீட்டில்ஸ் குழுவினரின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்டு'. 1966 ஆகஸ்டுக்குப்பின் ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திவிட்டு, லண்டன் ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் அமர்ந்து அவர்கள் உருவாக்கியது இது. நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட பதிவு இயந்திரத்தில், ஒலியின்மேல் ஒலியை அடுக்கிக் கட்டினார்கள். இறுதிப் பாட்டில் நாற்பது பேர் கொண்ட வாத்தியக்குழு தாழ்ந்த ஒலியிலிருந்து உச்சிக்கு ஏறுகின்ற இடம் இன்றும் மெய்சிலிர்க்கச் செய்கிறது. இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டு ஜார்ஜ் ஹாரிஸன் இயற்றியது. அதற்கு முந்திய ஆண்டில் அவர் இந்தியா வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்றார். அப்பாட்டில் தம்பூராவும் தபலாவும் ஒலிக்க, தில்ரூபா பாடுபவரைத் தொடர்ந்து செல்கிறது. நம் கச்சேரியில் வயலின் பாடகரைத் தொடரும் முறையே அது. வாசித்தவர்கள் லண்டனில் இருந்த இந்தியக் கலைஞர்கள். இத்தட்டிலுள்ள பாட்டுகள் யாவும் ஒரே தரத்தன அல்ல. சில வெறும் விளையாட்டு. ஆயினும் இளையோரின் இசை என்று ஒதுக்குமுன் மூத்தோர் ஒருமுறை இதை முழுமையாகக் கேட்பது நியாயம்.

நான்காவது, அரீதா ஃபிராங்க்ளின் பாடிய 'ஐ நெவர் லவ்டு எ மேன் தி வே ஐ லவ் யூ'. இப்பெயர் நம் நேயர்களுள் பலருக்குப் புதிதாக இருக்கலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் மாபெரும் பாடகி இவர். 1910 முதல் 1970 வரை ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள், கொடுமையும் வறுமையும் தாளாமல், தென்மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் பிற உடைமைகளோடு கோயிற் பாட்டையும் எடுத்துச் சென்றனர். அரீதா தெற்கே மெம்ஃபிஸில் பிறந்து, வடக்கே டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். தந்தையார் கிறிஸ்தவப் போதகர். அக்கோயிலில் பாடிப் பழகிய குரல் அது. ஒரு நிறுவனத்தில் ஆண்டுகள் பல பாடியும் தக்க புகழ் எய்தாதவர், 1967-இல் அட்லாண்டிக் நிறுவனத்தில் தாமே பியானோ வாசித்துக்கொண்டு பாடியபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 'ரெஸ்பெக்ட்' என்னும் பாட்டு அதில் உள்ளது. ஓட்டிஸ் ரெட்டிங் என்னும் பாடகர் வீட்டுத் தலைவனின் குரலாக எழுதிப் பாடியது அது. அரீதா அதைப் பெண்ணின் குரலாக மாற்றினார். தன்மானம் வேண்டி நிற்கும் ஓர் இனத்தின் குரலாகவும் அது கேட்டது. மொழி புரியாதவருக்கும் இக்குரலின் வழக்கு புரியும்.

ஐந்தாவது நம் நாட்டுத் திரைப்பட இசை. 'ஜுவல் தீஃப்' என்னும் இந்திப் படத்துக்கு எஸ். டி. பர்மன் அமைத்த பாட்டுகள் அவை. பர்மன் 1906-இல் கிழக்கு வங்கத்தின் கோமில்லாவில் பிறந்தவர். ஆற்றில் ஓடம் செலுத்துவோர் பாடும் பாட்டில் ஊறிய அவர், 1944-இல் பம்பாய்க்கு வந்தார். அறுபதைக் கடந்த வயதில் அவர் அமைத்த இவ்விசையில் முதுமையின் தளர்ச்சி சிறிதும் இல்லை. தாளக்கருவிகள் முன்னின்று முழங்க, லதா மங்கேஷ்கர் பாட, திரையில் ஆடியவர் யார்? திருவல்லிக்கேணியில் பிறந்து, வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதம் பயின்ற வைஜயந்திமாலா. வங்கத்து இசையமைப்பாளர், மராட்டிய நாட்டுக் குடும்பத்துப் பாடகி, தமிழ்நாட்டு நடனமணி ஆகிய மூவர் கூடிப் பம்பாயில் ஒன்றைப் படைத்தனர். அந்நகரில் வாழும் தமிழர்கள் இதை அயலாரின் இசை என்று எங்ஙனம் தள்ளுவது?

ஐந்தையும் சேர்த்து நோக்கினால் ஒன்று தெளிவாகும். இவற்றைப் படைத்தோருள் பெரும்பாலோர் பிறந்த இடத்தைவிட்டு வேறிடம் சென்றவர்கள். அவர்களுள் எவரும் தம் இசையைத் துறந்து பிறர் இசையை மேற்கொள்ளவில்லை. பர்மன் ஓடக்காரன் பாட்டை மறக்கவில்லை. அரீதா கோயிலை மறக்கவில்லை. சர்மா காஷ்மீரத்துச் சந்தூரை மறக்கவில்லை. கையில் சொந்தமாக ஒன்று இருந்தமையால் அவர்களால் பிறருக்குக் கொடுக்கவும், பிறரிடமிருந்து பெறவும் இயன்றது. பிறர் இசையைக் கேட்பதனால் நம் இசை அழிவதில்லை. நம் இசையைக் கல்லாமல் விடுவதனாலேயே அது அழியும். மூத்தோரின் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அச்சம் கொள்ள வேண்டிய இடம் வேறு.

அக்காலத்தில் நம்மவர் செய்ததையும் ஈண்டுக் கூறலாம். 1966-ஆம் ஆண்டு அக்டோபரில் எம். எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1960களின் பிற்பகுதியில் ராமநாட் கிருஷ்ணன் பாடிய கச்சேரி இசையை அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டது. அதில் மிருதங்கம் வாசித்த ரங்கநாதன், பாலசரஸ்வதியின் தம்பி. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். அயலார் கேட்பதற்காக இவர்கள் தம் சங்கீதத்தைத் திரித்துப் பாடவில்லை. உள்ளதை உள்ளபடி பாடினார்கள். அயலார் அமர்ந்து கேட்டார்கள்.

எனவே நாம் செய்யத் தக்கது கடினமானதன்று. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை வீட்டில் இசைக்கென ஒதுக்கலாம். மூத்தோர் தேர்ந்த ஒன்றை இளையோர் இடையில் எழுந்து போகாமல் கேட்கட்டும். இளையோர் தேர்ந்த ஒன்றை மூத்தோர் முகம் சுளிக்காமல் கேட்கட்டும். அடுத்த வீட்டு வங்காளியையோ மராட்டியரையோ பஞ்சாபியரையோ அழைத்து, அவர்கள் போற்றும் ஒன்றையும் கொண்டுவரச் சொல்லலாம். அருகில் பாட்டு ஆசிரியர் இருப்பின் குழந்தைகளை அவரிடம் அனுப்பவும் மறத்தல் ஆகாது. ஆண்டு முடிவில் குடும்பத்தார் அனைவரும் கூடி, தத்தமக்கு உகந்த ஐந்தைக் குறித்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஐந்தும் ஒத்திருக்க வேண்டுவதில்லை. ஒன்றேனும் எல்லார் பட்டியலிலும் இடம்பெறுமாயின், அந்த வீட்டின் வழக்குப் பாதி தீர்ந்தது எனலாம்.